மேஜைக்கடியில் யார் கால்?

பிப்ரவரி 3

தங்கைக்கு,

ஹோட்டல் வாசலில் நின்று "இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ காரில் ஏறிய வேகத்தில் நான் சொன்னது எதுவும் உன் காதில் விழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

விருந்தில் உன் வீட்டுக்காரரின் முதலாளி தன் அம்மா காலமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நேர் எதிரே அவர். அவருக்குப் பக்கத்தில் நீ. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று அவர் சொன்னபோது என் காலில் இரண்டு உதை விழுந்தது. நம் கணக்குப்படி ஒரு உதை என்றால் நிறுத்து, இரண்டு என்றால் சிரி. சிரித்தேன். "இடுப்பெலும்பு போச்சு" என்றார். இரண்டு உதை. சிரித்தேன். பிறகு கட்டைவிரலில் ஒரு அழுத்தம். அழுத்தினால் ஏதாவது கேள் என்று அர்த்தம். "அப்புறம்?" என்று ஆவலாகக் கேட்டேன். "அப்புறம் என்னங்க, போயிட்டாங்க" என்றார். உடனே இரண்டு உதை, முன்னைவிடப் பலமாக.

எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் நான் எத்தனையோ முறை தவறியிருக்கிறேன், உன் கால் ஒரு முறையும் தவறியதில்லை. ஆகவே சந்தேகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்த சிரிப்பில் என் கைக்குட்டை நழுவியது. எடுக்கக் குனிந்தேன். உன் இரண்டு கால்களும் உன் நாற்காலிக்கடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓய்வாக இருந்தன. என் பக்கம் நீண்டிருந்தது பழுப்பு நிற ஆண்கள் ஷூ. அது ஆடிக்கொண்டிருந்தது: இரண்டு ஆட்டம், சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு ஆட்டம். ஆபீஸில் என்னிடம் சோதனைக்கு வரும் மின்விசிறி இப்படி ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆக, நான் உன் வீட்டுக்காரரின் முதலாளியைக் கேலி செய்யவில்லை. அவருக்குக் கீழ்ப்படிந்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. எப்போதும் எனக்கு எதிரே உட்காருகிறவள் நீ. அன்று ஏன் மாறி உட்கார்ந்தாய்?

அக்கா

பிப்ரவரி 10

அக்கா,

பேச மாட்டேன்னு சொன்னா மனுஷங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி போன் பண்ணுவாங்க. நானும் "ஹும்"னு ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல சமாதானமாயிருப்பேன். நீ என்னடான்னா கவர்ல ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பறே! இப்ப நானும் எழுத வேண்டியிருக்கு. பள்ளிக்கூடம் முடிச்சப்புறம் நான் ஒரு பக்கத்துக்கு மேல எழுதினதே இல்ல. கை வலிக்குது. அதுக்கும் சேத்து உன்மேல கோவம்.

இவர் அன்னிலேருந்து சரியாச் சாப்பிடல. புதுக் கிளைக்கு மேலாளர் பதவி இவருக்குத்தான்னு எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. அதுக்காகத்தான் அந்த விருந்தே. அதுல பொண்டாட்டியோட அக்கா, முதலாளியோட செத்துப்போன அம்மாவை நெனச்சு விழுந்து விழுந்து சிரிக்கிறா. கூடச் சேந்து என் பொண்ணும் சிரிச்சா. கேட்டா "பெரியம்மா சிரிக்கிறதப் பாத்து அடக்க முடியலம்மா"ங்கறா. டீன் ஏஜ் வந்ததிலேருந்து நாலு வருஷமா சிரிக்காத பொண்ணு, சிரிக்கறதுக்கு அந்த நேரத்தைத்தான் பாத்தா.

ஷூவாம், பேரிங்காம். ஒரு மனுஷன் கண் கலங்கிச் சொல்லும்போது மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?

முதலாளிக்கு ஒரு வரி எழுதிப் போடு. அன்னிக்குக் கடுமையான காய்ச்சல், மாத்திரை போட்டிருந்தேன், என்ன பண்றேன்னே தெரியலன்னு எழுது. அவ்வளவுதான் கேக்கறேன். உனக்கென்ன குறைஞ்சு போயிடும்?

நான் எங்க உக்காந்தேங்கறது இப்ப ரொம்ப முக்கியமா?

தங்கை

பிப்ரவரி 17

தங்கைக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. இருந்ததாக எழுதினால் அவர் இப்போது எப்படி என்று கேட்பார். நான் தேறிவிட்டதாக எழுத வேண்டும். எப்போது தேறினேன் என்று யோசிக்க வேண்டும். வராத காய்ச்சலைப் பராமரிக்க என்னிடம் தெம்பு இல்லை.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டாய். தெரியாது. அழப்போகிற முகமும் தும்மப்போகிற முகமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. பெரும்பாலும் தும்மல் என்று வைத்துக்கொள்வேன். அதுதான் அடிக்கடி வருவது.

இதை நான் இப்போது தெரிந்தே சொல்கிறேன். விருந்துக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குப் பேச்சே வரவில்லை. ஆபீஸ் டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார், அவர் மூன்றாவது ஒருவரிடம். அவர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். "விருந்துகளை விட நூலகங்களை விரும்புகிறேன்: மிகவும் ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்..." என்று போகும். எந்த விருந்து, எந்த நூலகம், அங்கே ஏசி எந்த வகை என்று எதுவுமே இல்லை. கேள்விகளில் இருந்த குறைகளை ஓரத்தில் குறித்து, எனக்குச் சரியென்று பட்ட மாதிரி திருத்திக் கொடுத்தேன். டாக்டர் ரொம்ப நேரம் அதைப் படித்தார். தும்மப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

ஆட்டிசம் என்றார். பிறந்ததிலிருந்தே இருப்பது, நோய் அல்ல, மருந்தும் கிடையாது.

உடனே நம்பிவிடவில்லை. நான் யாரையும் உடனே நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒரு பெயரை ஒட்டிவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவரிடம் குறுக்கு விசாரணை செய்தேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன், எதிர்வாதங்கள் உள்பட.

கடைசியில் என் வேலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். துணி துவைக்கும் இயந்திரமோ மின்விசிறியோ, சத்தத்தை அளப்பதற்கு முன் முதலில் அறையின் சத்தத்தை அளப்போம். அறையே இரைந்தால் இயந்திரத்தின் மேல் பழி போடக் கூடாது. என் விஷயத்தில் யாருமே அறையை அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை. நேரடியாக 'இயந்திரம் பழுது' என்று எழுதி வைத்துக்கொண்டு ஐம்பதை நெருங்கிவிட்டேன்.

பழுது இல்லையாம். அதைக் கேட்டதும் பஸ்ஸில் உட்கார்ந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, பணிமனை வரை போய்விட்டேன். வண்டியைப் பூட்டப்போகிறோம் என்று கண்டக்டர் வந்து சொன்னார்.

அதனால் முதலாளிக்குக் காய்ச்சல் கடிதம் எழுத மாட்டேன். உண்மைக் கடிதம் வேண்டுமானால் எழுதுகிறேன்.

நீ எங்கே உட்கார்ந்தாய் என்பது முக்கியம்தான்.

அக்கா

பிப்ரவரி 23

அக்கா,

உன் லெட்டரை நின்னுட்டே படிச்சேன். அடுப்புல இருந்தது தீஞ்சே போச்சு.

ஆட்டிசமா? அது சின்னப் பசங்களுக்கு வர்றது இல்லையா? நீ ரெண்டு பட்டம் வாங்கினவ! நம்ம குடும்பத்துல அப்படி யாருமே கிடையாதுன்னு இவர்கிட்ட அடிச்சுச் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்பா ஞாபகம் வந்துட்டார். தினமும் ஒரே கலர் சட்டை. யாராவது வந்து காலிங் பெல் அடிச்சா பரண்மேல ஏறி உக்காந்துக்குவார். "அப்பா வீட்ல இல்ல"ன்னு நான் சொல்லும்போது மேலேருந்து வந்தவங்களுக்கே கேக்கற மாதிரி "ஆமா, இல்ல"ம்பார். அப்புறம் ரயில் டைம்டேபிளை மனப்பாடமா வெச்சிருந்த சித்தப்பா. அவர் ரயில்லயே ஏறினதில்ல. இவர் சிரிக்க ஆரம்பிச்சுட்டார். மூணு வாரத்துல முதல் சிரிப்பு. அதையும் ரசிக்க முடியல எனக்கு.

ஏன்னா எனக்கு வேற ஒண்ணு தோணிச்சு. இது பிறவியிலேயே உள்ளதுன்னா, நான் எதுக்கு இத்தனை வருஷமா உதைச்சேன்?

பெரிய அத்தை நாய் கடிச்ச கதை சொன்னப்போ நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? "போன தடவை இந்தக் கதைல நாய் கடிக்கலையே அத்தை"ன்னே. அவங்க எழுந்து போனப்புறம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அக்கா பக்கத்துலயே இரு, உளறப்போறான்னு தெரிஞ்சா கால்ல ஒண்ணு போடு"ன்னாங்க. எனக்கு ஏழு வயசு. அன்னிலேருந்து எந்த விருந்துலயும் நான் ஒரு வாய் சூடாச் சாப்பிட்டதில்ல. கண்ணு உன் மூஞ்சில, காது எதிர்ல இருக்கறவங்க பேச்சுல, கால் உன் கால்ல. வீட்டுக்கு வந்து பழைய ரொட்டியத் தின்னுட்டுப் படுப்பேன்.

ஆமா, வேணும்னேதான் மாறி உக்காந்தேன். "உங்களுக்கு இங்க நல்லாக் காத்து வரும்"னு முதலாளிய நான்தான் அங்க உக்கார வெச்சேன். அந்த சூப் ரொம்ப நல்லா இருந்துது அக்கா. ஆவி பறக்கக் குடிச்சேன். ஒரே ஒரு கிண்ணம் சூப் குடிக்கறதுக்குள்ள உலகத்தையே கவுத்துட்டே!

இப்ப முதலாளியோட சம்சாரம், அதான் முதலாளியம்மா, போன் பண்ணி, மார்ச் ஒம்பது ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. "அந்தச் சிரிச்ச அக்காவையும் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. எதுக்குன்னு தெரியல. பயமா இருக்கு. இவர் பதவி அந்தச் சாப்பாட்டுலதான் இருக்கு.

வா. நான் பழைய இடத்துலயே உக்காரறேன்.

தங்கை

பிப்ரவரி 27

தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உனக்கு அது சுலபமாக வருகிறது என்று நினைத்திருந்தேன். நீ பேசுகிறாய், சிரிக்கிறாய், சாப்பிடுகிறாய், நடுவில் போகிறபோக்கில் என்னையும் உதைக்கிறாய் என்று. நீ சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. நானும் சாப்பிட்டதில்லை, உதைக்காகக் காத்துக்கொண்டு. ஒரே விருந்தில் இரண்டு பேர் பட்டினி கிடந்திருக்கிறோம், சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக.

வருகிறேன். ஆனால் உதை வேண்டாம். ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். நான் உளறினால் அது என் உளறல். நீ சூப்பைக் குடி.

ஆபீஸில் ஒரு சோதனை நடத்தியிருக்கிறேன். எல்லோரும் கூடிப் பேசுகிற பெரிய கூடத்திலிருந்து என் மேஜையை எடுத்து, சத்தம் அளக்கும் அறைக்கு வெளியே இருக்கிற சின்ன அறையில் போட்டுக்கொண்டேன். மேலாளரிடம், கூட்டங்களுக்கு வர மாட்டேன், என்ன வேண்டும் என்பதை எழுதி அனுப்புங்கள், அன்றைக்கே பதில் தருகிறேன் என்று சொன்னேன். அவர் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்து பார்த்ததில், எழுத ஒன்றுமே இல்லை என்று கண்டுபிடித்தார். கூட்டம் ரத்தாகிவிட்டது. அடுத்ததும் ரத்து. கணக்குப் பிரிவில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு பூங்கொத்து அனுப்பியிருக்கிறார்கள். வாசனை தாங்கவில்லை. நன்றி சொல்லி, அவர்கள் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்தால் அதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

சரி, உதைக்கல. ஆனா மூணு விஷயம் கேட்டுக்கோ. அவங்க வீட்டு ஃபிரிட்ஜ் சத்தத்தைப் பத்திப் பேசாதே. முதலாளி தலைமுடிய உத்துப் பாக்காதே, அது சொந்த முடி இல்ல. அவரோட அம்மா பேச்சை நீயா எடுக்காதே.

ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. காலைக் கட்டிப்போட்டுக்கிட்டு வரேன்.

தங்கை

மார்ச் 9

அக்கா,

வீட்டுக்கு வந்து இவர் நேராப் போய்ப் படுத்துட்டார். பொண்ணு தலையணையில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. நான் உக்காந்து எழுதறேன், நாளைக்கு எழுதினா எனக்கே நம்பிக்கை வராது.

மூணு விஷயம் சொன்னேன். முடியையும் ஃபிரிட்ஜையும் விட்டுட்டே, புண்ணியம். உக்காந்த உடனே, யாரும் தண்ணி கூடக் குடிக்கல, "உங்க அம்மா கதைக்கு நான் ஏன் சிரிச்சேன்னு சொல்லலாமா?"ன்னு கேட்டியே! என் கால் தானா எழுந்துது. நாற்காலிக் காலைப் பிடிச்சு நிறுத்தினேன். இவர் கண்ணை மூடிக்கிட்டார்.

நீ எல்லாத்தையும் சொன்னே. உதைக் கணக்கு, சூப், ஆட்டிசம், பழுப்பு ஷூ. பாடம் நடத்தற மாதிரி. முதலாளி சொன்னார், "நான் கால் ஆட்டறதே இல்லங்க." அப்ப மேஜைமேல இருந்த அத்தனை டம்ளர்லயும் தண்ணி அலையடிச்சுது. எல்லாரும் டம்ளரைப் பாக்கறோம். நீ மட்டும் வாயத் திறந்து, "இல்லேன்னு சொல்லும்போது வேகம் கூடுது"ன்னே. முதலாளியம்மா கையிலேருந்த கரண்டி விழுந்துது. "கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், கட்டிலே ஆடுதுன்னு. நான்தான் பொய் சொல்றேனாம்! இதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன், அன்னிக்கு நீங்க குனிஞ்சு மேஜைக்கடியில பாத்தப்பவே சந்தேகமா இருந்துது"ன்னு கண்ணுல தண்ணி வர வர சிரிக்கிறாங்க.

அதோட விட்டியா? "உங்க அம்மா போனதுக்கு நான் சிரிக்கல. அவங்களைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. இப்பச் சொல்லுங்க, கேக்கறேன்"ன்னே. அவரும் சொன்னார். யாரும் கேக்காததையெல்லாம் நீ கேட்டே. கடைசியா என்ன சாப்பிட்டாங்க? விழுந்தப்போ எவ்வளவு நேரம் கழிச்சு நீங்க பாத்தீங்க? அந்தக் கேள்விக்கு நான் பழையபடி உதைச்சிருந்தா உன் கால் உடைஞ்சிருக்கும். அந்த மனுஷன் அழுதுட்டார். "இதை யாருமே கேட்டதில்லீங்க"ன்னார். கால் ஆட்டறதைக் கூட நிறுத்திட்டார்.

அப்புறம் நீ எழுந்து, "சத்தம் எனக்கு அதிகமா இருக்கு, கொஞ்ச நேரம் வெளிய நிக்கறேன், கோவமில்ல"ன்னுட்டு கார் நிறுத்தற இடத்துக்குப் போயிட்டே. பின்னாடியே இவர் "நானும் வரலாமாக்கா?"ன்னு வந்தாரே, எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், இவருக்கும் விருந்துன்னா ஆகாதுன்னு தெரியாது.

நான் சூப் குடிச்சேன். உப்பு கம்மி.

தங்கை

மார்ச் 15

தங்கைக்கு,

காரோரம் நின்றபோது உன் வீட்டுக்காரரும் நானும் ஒன்றும் பேசவில்லை. நல்ல மனிதர். இத்தனை வருடத்தில் அவருடன் எனக்கு இருந்த மிக நல்ல உரையாடல் அதுதான்.

நீ எழுதியதில் ஒரு திருத்தம். நான் பாடம் நடத்தவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் என் குரல் அப்படித்தான் வரும்.

எல்லோருக்கும் நடுவில் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொன்னபிறகு வானம் இடிந்து விழவில்லை. முதலாளியம்மா இன்னொரு கரண்டி பரிமாறினார், அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம் என்று அன்று மாலை வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரும் உதைக்காமல், எனக்கே சிரிப்பு வந்து.

பதவி விஷயம் என்ன ஆயிற்று?

அக்கா

மார்ச் 24

அக்கா,

பதவிய முதலாளி தன் மச்சான் பையனுக்குக் குடுத்துட்டார். உன்மேல எந்தத் தப்பும் இல்ல. புத்தாண்டுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சாம். முதல் விருந்துல நீ அழுதிருந்தாலும் அவனுக்குத்தான். இத்தனை வருஷம் அந்தாளுக்கு வாழ்த்து அட்டை, பழக்கூடை, பல்லைக் காட்டின சிரிப்பு, எல்லாம் வீண்.

இவர் நல்லாச் சாப்பிடறார், தூங்கறார். "புதுக் கிளைன்னா வாரத்துல ரெண்டு விருந்து இருக்கும். தப்பிச்சேன்"ங்கறார். எனக்குத்தான் ஏதோ மாதிரி இருக்கு. யாருக்காகவும் முகத்தைச் சரி பண்ண வேண்டியதில்லைன்னா, இந்த முகத்தை என்ன பண்றதுன்னு தெரியல. நேத்து பக்கத்து வீட்டுக்காரி பேசிட்டே இருந்தா. நான் தலையாட்டிட்டே இருந்தேன். என்ன சொன்னான்னு ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல. களைப்பா இருக்கு அக்கா.

தங்கை

மார்ச் 28

தங்கைக்கு,

என் வீட்டுக்கு வா. நான் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. உன்னைக்கூட. கூப்பிட்டால் பேச வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்ற பயம்தான். இப்போது அது வேண்டியதில்லை என்பதால் கூப்பிடுகிறேன்.

சாப்பாடு ரொட்டி, முட்டை. விருந்தாளிக்காக மாற்ற மாட்டேன். நீ பேசலாம். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. பேசாமலும் இருக்கலாம்.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

என்ன வீடு அது! சுவர்ல ஒரு படம் இல்ல. கடிகாரத்துக்கு டிக் டிக் கூடக் கிடையாது. வந்து ஒரு மணி நேரம் நான் பேசினேன். நீ ரொட்டிக்கு வெண்ணெய் தடவினே. "அப்புறம்?"னு ஒரு தடவை கூடக் கேக்கல. எனக்குக் கோவம் வந்துது. அப்புறம் சொல்றதுக்கு எதுவும் இல்லாமப் போச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல. முழிச்சுப் பாத்தா ஜன்னல்ல வெயில் போயிருந்துது. நான் தரைல கிடக்கேன், தலைக்கடியில உன் தலையணை. நீ எதையோ படிச்சிட்டிருக்கே. "தூங்கிட்டேனா?"ன்னேன். "ஆமா"ன்னே. அவ்வளவுதான். வாய் பிளந்து கிடந்ததைப் பத்தியோ, பகல்ல யாராவது இப்படித் தூங்குவாங்களான்னோ ஒண்ணும் சொல்லல.

பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். பெரியவளானப்புறம் வேற யார் வீட்டுலயும் நான் தூங்கினதே இல்ல.

ஒரு குறை. உன் வீட்டுல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு. தரைல படுத்து இடுப்பு போச்சு. அடுத்த மாசமும் வரலாமா? வரக் கூடாதுன்னா பட்டுன்னு சொல்லிடு, உனக்குத்தான் அது நல்லா வருமே.

தங்கை

ஏப்ரல் 13

தங்கைக்கு,

வரலாம்.

நேற்று நாற்காலி வாங்கப் போனேன். கடையில் இருந்த எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரர் முதலில் உதவினார், பிறகு கவலைப்பட்டார், கடைசியில் தனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "யாருக்கும்மா வாங்கறீங்க?" என்றார். தங்கைக்கு என்றேன். "அவங்க எப்படி உக்காருவாங்க? சாஞ்சா, நிமிந்தா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நீ சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எந்த வீட்டிலும் எந்த நாற்காலியிலும் நீ நுனியில்தான் உட்காருவாய், யாருக்கோ ஏதோ வேண்டும், இதோ எழப்போகிறாய் என்பதுபோல. அதை அவரிடம் சொன்னேன். "அப்ப நிமிந்த முதுகு வெச்சது ஒண்ணு தரேன், எழுந்திருக்க வசதியா இருக்கும்" என்றார்.

வேண்டாம் என்றுவிட்டேன். ஆழமான இருக்கை, இரண்டு பக்கமும் அகலமான கை, பின்னால் சரிந்த முதுகு. என் வீட்டு வாசலுக்குள் நுழையாமல் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு முறை உட்கார்ந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாது. நான் உட்கார்ந்து பார்த்தே வாங்கினேன்.

அக்கா